ஓடும் கார் நின்றால்… மாற்றும் முன் அளந்து பாருங்கள்!

கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் நோக்கி வரும் தேசிய நெடுஞ்சாலை 44, குருபரப்பள்ளியைக் கடந்ததும் மெல்ல மெல்ல ஏறத் தொடங்கும். மேலுமலை, சூளகிரி என ஏறி ஓசூரை எட்டும்போது கிருஷ்ணகிரியைவிட ஏறக்குறைய 400 மீட்டர் உயரத்துக்கு வந்திருப்போம். சமவெளியில் ஒரு குறையும் காட்டாமல் ஓடிய கார், பெரும்பாலும் இந்த ஏற்றத்தில்தான் முதலில் தடுமாறுகிறது. மிதித்தால் பிக்கப் இல்லை, ஜெர்க் அடிக்கிறது, கடைசியில் இன்ஜின் ஆஃப். பின்னால் கன்டெய்னர் லாரிகள் வரிசையாக ஏறிவந்துகொண்டிருக்கும் சாலை அது. இன்ஜின் நின்ற கணத்தில் ஸ்டீயரிங் இறுகிவிடும். பிரேக்கும் ஓரிரு மிதிக்கு மேல் இலகுவாகப் பிடிக்காது. இங்கே கார் நின்றுபோவது உயிர்ப் பிரச்சினை.

ஆனால், ஒர்க்‌ஷாப்புக்குப் போனதும் இது பணப் பிரச்சினையாக மட்டுமே பார்க்கப்படுகிறது. “ஃபில்டர் மாத்திப் பாக்கலாம்” என்று தொடங்கும் பேச்சு, சரியாகவில்லை என்றால் பம்ப், அதற்குப் பிறகு இன்ஜெக்டர், கடைசியில் கன்ட்ரோல் யூனிட் என்று நீளும். பில் ஏறும். கார் மறுபடியும் அதே ஏற்றத்தில் நிற்கும்.

இது நடக்கும் ஊர் எது என்பதை யோசித்தால் வருத்தம் கூடுகிறது. தென்பெண்ணையின் குறுக்கே கெலவரப்பள்ளி அணை நிற்கும் இந்தப் பகுதி, வண்டிகளைப் பெற்றெடுக்கும் பூமி. 1980-ல் ஓசூர் ஆலையிலிருந்து டி.வி.எஸ். 50 மொபெட் வெளிவந்தது. அதே ஆண்டில் அசோக் லேலண்டின் ஓசூர் ஆலையும் தொடங்கியது. சிப்காட்டில் இன்று நூற்றுக்கணக்கான சிறு பட்டறைகள் இந்தப் பெரிய ஆலைகளுக்குப் பாகங்கள் செய்து தருகின்றன. கெலவரப்பள்ளி, பாகலூர் பக்கங்களிலிருந்து ஷிஃப்டுக்குப் போகும் தொழிலாளி, மைக்ரோமீட்டர் வைக்காமல் ஒரு பாகத்தைக்கூட ‘ஓகே’ செய்வதில்லை. அவரே தன் காரை ஒர்க்‌ஷாப்பில் விட்டதும், அளக்காமல் சொல்லப்படும் ஊகத்தை நம்பி ஆயிரக்கணக்கில் பணத்தை எடுத்துக் கொடுக்கிறார். ஆலைக்குள் இருக்கும் அந்தக் கட்டுப்பாடு ஒர்க்‌ஷாப்புக்கும் வர வேண்டும். அளக்காமல் எதையும் மாற்றக் கூடாது.

எரிபொருள் போகும் பாதை

இன்றைய பெட்ரோல் கார்களில் எரிபொருள் பம்ப், டேங்கிற்கு உள்ளேயே மூழ்கிக் கிடக்கிறது. அதன் அடியில் ஒரு வலை. பம்ப் உறிஞ்சும் பெட்ரோல் ஃபில்டரைக் கடந்து, பைப் வழியாக இன்ஜின் பக்கம் உள்ள ஃப்யூயல் ரெயிலுக்கு வருகிறது. அங்கிருந்து இன்ஜெக்டர்கள், கன்ட்ரோல் யூனிட் சொல்லும் நேரத்துக்கு, சொல்லும் அளவுக்குத் தெளிக்கின்றன. அழுத்தத்தை ஒரே சீராக வைத்திருப்பது ரெகுலேட்டரின் வேலை. சாதாரண எம்.பி.எஃப்.ஐ. (ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி இன்ஜெக்டர் உள்ள) கார்களில் இந்த அழுத்தம் 3 முதல் 4 பார் வரை இருக்கும்.

பம்ப்பைச் சுற்றியுள்ள பெட்ரோல்தான் அதன் மோட்டாரைக் குளிர்விக்கவும் செய்கிறது. ஓசூரிலிருந்து பெங்களூர் எலெக்ட்ரானிக் சிட்டிக்கு அன்றாடம் போய்வரும் பலர், 300 ரூபாய், 500 ரூபாய் என்று அவ்வப்போது போட்டு, ரிசர்வ் விளக்கு எரிய எரியவே ஓட்டுகிறார்கள். அத்திப்பள்ளி நெரிசலில் கோடை வெயிலில் கார் ஊர்ந்துகொண்டிருக்கும்போது, டேங்கின் அடியில் கிடக்கும் கொஞ்சம் பெட்ரோலும் சூடாகிவிடும். பம்ப் வெந்துபோகும். அடியில் தங்கியிருக்கும் கச்சடாவும் வலையில் வந்து அடையும். கால் டேங்கிற்குக் கீழே இறங்கவிடாமல் ஓட்டுவதற்குக் கூடுதலாக ஒரு பைசாவும் செலவில்லை. பம்ப்பின் ஆயுளைக் கூட்ட அதைவிட எளிய வழியும் இல்லை.

எப்படி நிற்கிறது என்பதே முதல் தடயம்

நல்ல மெக்கானிக் பானெட்டைத் திறப்பதற்கு முன்னால் கேள்வி கேட்பார். காரின் சொந்தக்காரரிடம் அதற்குப் பதில் இருக்க வேண்டும்.

ஏற்றத்திலோ, வேகமாக மிதிக்கும்போதோ திணறி, ஜெர்க் அடித்து, பிறகு நிற்கிறதா? எரிபொருள் போதாமல் இருக்கலாம். அடைத்த ஃபில்டர், அடைத்த வலை, தளர்ந்த பம்ப் ஆகியவற்றைச் சந்தேகிக்கலாம்.

சாவியைத் திருப்பி அணைத்ததுபோல் சட்டென்று நிற்கிறதா? மின்சாரப் பக்கம் பார்க்க வேண்டும். பம்ப் ரிலே, ஃபியூஸ், எர்த் இணைப்பு அல்லது கிராங்க் சென்ஸார். சூடானதும் நின்று, அரை மணி நேரம் ஆறியதும் ஒன்றுமே நடக்காததுபோல் ஸ்டார்ட் ஆகும் கார்களில் கிராங்க் சென்ஸார்தான் பெரும்பாலும் குற்றவாளி. ஆனால், பழி விழுவது பம்ப் மேல்.

சிக்னலில் ஐடிலில் மட்டும் நிற்கிறதா? த்ராட்டில் பாடியில் கரி படிந்திருக்கலாம், காற்றுக் குழாயில் கசிவு இருக்கலாம். எரிபொருள் பாதைக்கு இதில் பங்கு குறைவு.

பங்கில் நிரப்பிவிட்டுக் கிளம்பும்போதெல்லாம் ஸ்டார்ட்டிங் டிரபிள் தந்து, பத்தடியில் நின்றுவிடுகிறதா? டேங்கின் ஆவியை இன்ஜினுக்கு அனுப்பும் பர்ஜ் வால்வு மூடாமல் கிடக்கலாம். தானாக நாசில் நின்ற பிறகும், ரவுண்டாக வரட்டும் என்று விளிம்பு வரை நிரப்பும் பழக்கம் இந்தக் கோளாறை வரவழைக்கிறது. ஆவி போகும் கேனிஸ்டருக்குள் பெட்ரோலே புகுந்துவிடுகிறது.

டேங்க் மூடியைத் திறக்கும்போது ‘உஸ்’ என்று காற்று உள்ளே இழுக்கப்பட்டு, அதன் பிறகு கார் நன்றாக ஓடுகிறதா? டேங்க் மூச்சுவிடும் வழி அடைத்திருக்கிறது. உள்ளே வெற்றிடம் உண்டானால் பம்ப் எவ்வளவு முயன்றாலும் எரிபொருள் வராது. இதற்காகப் பம்ப்பை மாற்றியவர்கள் உண்டு.

எப்போது, எந்த வேகத்தில், டேங்கில் எவ்வளவு இருந்தபோது, இன்ஜின் சூடா குளிர்ச்சியா என்பதைக் கைப்பேசியில் குறித்துவையுங்கள். பாதிக் கோளாறு அந்தக் குறிப்பிலேயே பிடிபடும்.

அளக்கும் வரிசை

முதலில் காது. சாவியை ‘ஆன்’ நிலைக்குத் திருப்பினால், ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே பின் சீட்டின் அடியிலிருந்து இரண்டு நொடி மெல்லிய ரீங்காரம் கேட்க வேண்டும். பம்ப் அழுத்தம் ஏற்றும் ஓசை அது. கேட்கவில்லை என்றால் ஃபியூஸைப் பாருங்கள். அதே வகை ரிலே ஹாரனுக்கும் இருந்தால், இடம் மாற்றிப் போட்டுப் பார்க்கலாம். செலவில்லாத சோதனை. அப்படியும் ஓசை இல்லாதபோது டேங்கின் அடியில் ரப்பர் சுத்தியலால் மெதுவாகத் தட்டியதும் பம்ப் உயிர்பெற்றால், மோட்டாரின் பிரஷ் பெரும்பாலும் தேய்ந்திருக்கும். இனி அதை நம்பி நெடுஞ்சாலை ஏறக் கூடாது.

இரண்டாவது மின்னழுத்தம். பம்ப் கனெக்டரில் மல்டிமீட்டரை வைத்து, பம்ப் ஓடும்போதே அளக்க வேண்டும். பேட்டரியில் இருப்பதற்கும் இங்கே வருவதற்கும் அரை வோல்ட்டுக்கு மேல் இடைவெளி இருந்தால், பம்ப்பைத் தொடும் முன் வயரையும் இணைப்புகளையும் பார்க்க வேண்டும். துருப்பிடித்த எர்த் போல்ட்டைச் சுரண்டி இறுக்கினால் தீரும் கோளாறு, பல ஆயிரம் ரூபாய் பம்ப்பாக பில்லில் ஏறுவது இங்கேதான்.

மூன்றாவது ஸ்கேனர். சிறிய ஓ.பி.டி. கருவியைச் செருகினால் கோளாறின் குறியீடு (கோடு) வரும். பி0087 என்றால் ரெயிலில் அழுத்தம் குறைவு. பி0171 என்றால் கலவையில் எரிபொருள் குறைவு. பி0230 என்றால் பம்ப்பின் மின்சுற்றில் கோளாறு. பி0335 என்றால் கிராங்க் சென்ஸார் சுற்று. இவை போக வேண்டிய திசையைத்தான் காட்டும், மாற்ற வேண்டிய பாகத்தைச் சொல்லாது. பி0171 வந்தால் பம்ப் தளர்ந்திருக்கலாம், அல்லது காற்றுக் குழாயில் ஒரு விரிசல் இருக்கலாம். கோடு வந்ததும் பாகத்தை மாற்றுவது, காய்ச்சல் என்றதும் ரத்தப் பரிசோதனை இல்லாமல் மருந்தை மாற்றிக்கொண்டே போவதற்குச் சமம்.

நான்காவது, ஊகத்துக்கு முற்றுப்புள்ளி வைக்கும் சோதனை: பிரஷர் கேஜ். ஃப்யூயல் லைனில் கேஜை இணைத்து ஐடிலில் ஒரு அளவு, ரேஸ் செய்யும்போது ஒரு அளவு, காரை ஏற்றத்தில் ஓட்டும்போது ஒரு அளவு எடுக்க வேண்டும். ஐடிலில் சரியாக இருந்து, சுமை ஏறும்போது சரிந்தால் ஃபில்டரோ பம்ப்போ போதவில்லை. ஓட்டத்தில் சரியாக இருந்து, அணைத்த உடனே சடசடவென்று இறங்கினால் பம்ப்பின் செக் வால்வோ, இன்ஜெக்டரோ கசிகிறது. ஏற்றத்தில் திணறும்போதும் அழுத்தம் அசையாமல் நின்றால், பம்ப்பைக் குறை சொல்ல வழியே இல்லை. இக்னிஷன் காயிலைப் பாருங்கள்.

அழுத்தம் மட்டும் போதாது, ஓட்டமும் வேண்டும். அரை நிமிடத்தில் எவ்வளவு வருகிறது என்று கண்ணாடி ஜாடியில் பிடித்து, கம்பெனி சர்வீஸ் மேனுவலில் உள்ள அளவோடு ஒப்பிட வேண்டும். அந்த ஜாடியைப் பத்து நிமிடம் அசைக்காமல் வைத்தால் அடியில் தண்ணீரும் தூசியும் தெரிந்துவிடும்.

இவற்றைச் செய்யும்போது, தேவையான இடங்களில் பேட்டரி ஒயரைக் கழற்றிவிட வேண்டும். அழுத்தத்தை இறக்கிய பிறகே பைப்பைத் திறக்க வேண்டும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு பரவும். பக்கத்துப் பட்டறையின் வெல்டிங் பொறி போதும். தீயணைப்பான் கையெட்டும் தூரத்தில் இல்லாத இடத்தில் டேங்க்கை இறக்க விடாதீர்கள்.

டீசல்: தண்ணீரும் காற்றும்

டீசல் வண்டி என்றாலே ‘மைக்கோ பம்ப்’ என்று சொல்லி வளர்ந்த தலைமுறை இந்தப் பகுதியில் உண்டு. 1951-ல் தொடங்கி, பெங்களூரிலிருந்து இந்தியாவுக்கே டீசல் பம்ப் தந்த மைக்கோ, 2008-ல் பாஷ் என்று பெயர் மாறியது. அந்தக் காலத்து வண்டிகளில் ஏர் லாக் ஆனால், ஹேண்ட் பம்ப் அடித்து, நாசில் நட்டைத் தளர்த்தி, ஏர் எடுத்துவிட்டுக் கிளம்புவார்கள்.

இன்றைய காமன் ரெயில் வண்டியில் அந்தப் பழக்கம் உயிரை எடுக்கும். ஓடும் இன்ஜினில் ரெயில் அழுத்தம் 1,600 பார் வரையும், சிலவற்றில் அதற்கு மேலும் போகிறது. தளர்ந்த நட்டிலிருந்து பீறிடும் டீசல், தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போய்விடும். வெளியே சிறு புள்ளியாகத்தான் தெரியும். உடனே அறுவை சிகிச்சை இல்லையென்றால் விரலையே இழக்க நேரிடும். காமன் ரெயில் இன்ஜின் ஓடும்போது உயர் அழுத்தப் பைப்பில் ஸ்பேனர் வைக்கவே கூடாது.

சோதனையின் வரிசை இங்கே வேறு. முதலில் டீசல் ஃபில்டரின் அடித் திருகைத் திறந்து தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அடுத்து, ஃபில்டருக்கும் பம்ப்புக்கும் நடுவே கண்ணாடிபோல் தெரியும் குழாயை மாட்டி, குமிழ் ஓடுகிறதா என்று கவனிக்க வேண்டும். குமிழ் வந்தால் எங்கோ வாஷரோ பைப்போ காற்றை உறிஞ்சுகிறது. பிறகு ஸ்கேனரின் லைவ் டேட்டாவில் ரெயில் அழுத்தம். ஸ்டார்ட் ஆவதற்கே பொதுவாக 150 முதல் 250 பார் வேண்டும். அது ஏறவில்லை என்றால் ரிட்டர்ன் சோதனை: ஒவ்வொரு இன்ஜெக்டரின் ரிட்டர்ன் பைப்பையும் தனித்தனி பாட்டிலில் விட்டு, எதில் அதிகம் நிரம்புகிறது என்று பார்ப்பது. நான்கு இன்ஜெக்டரையும் மாற்றச் சொல்லும் இடத்தில், ஒன்றுதான் கெட்டது என்று இந்தப் பாட்டில் சோதனை காட்டிக்கொடுக்கும்.

எல்லையில் நிரப்பும் எண்ணெய்

தமிழ்நாட்டுக்கும் கர்நாடகத்துக்கும் எரிபொருள் வரி வேறு. அதனால் ஜுஜுவாடி எல்லைக்கு அந்தப் பக்கம் நிரப்புவதா, இந்தப் பக்கமா என்பது ஓசூர்க்காரர்களின் அன்றாடக் கணக்கு. கார் நின்றதும் “எந்த பங்க்ல போட்டீங்க?” என்பதே முதல் கேள்வியாகவும் இருக்கிறது.

அந்தக் கேள்விக்கு நியாயம் உண்டு. 2025 ஜூன் 26 இரவு, மத்தியப் பிரதேச முதல்வர் மோகன் யாதவின் ரத்லம் பயணத்துக்காகச் சென்ற 19 வாகனங்கள், ஒரே பங்கில் டீசல் நிரப்பிய சற்று நேரத்தில் ஒவ்வொன்றாக நின்றன. டேங்க்கைத் திறந்து பார்த்தபோது டீசலோடு தண்ணீர் வந்தது. பங்க் சீல் வைக்கப்பட்டது. முதல்வரின் வாகனங்களுக்கே நடந்தது, மழைக்காலத்தில் யாருக்கும் நடக்கலாம்.

பங்கில் நமக்கு உரிமைகள் உள்ளன. ஃபில்டர் பேப்பர் சோதனையைக் கேட்டால் இலவசமாகச் செய்துகாட்ட வேண்டும்: நாசிலிலிருந்து ஒரு துளி பெட்ரோல், காகிதத்தில் கறை விடாமல் ஆவியாக வேண்டும். அடர்த்தி அளக்கும் ஹைட்ரோமீட்டர் அங்கே இருக்கும். பங்கில் பதிந்துள்ள அடர்த்தியோடு ஒப்பிட்டால் கன மீட்டருக்கு 3 கிலோவுக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. அளவில் சந்தேகம் என்றால் 5 லிட்டர் படியில் பிடித்துக் காட்டச் சொல்லலாம். புகார்ப் புத்தகம் கேட்டால் தர வேண்டும். பில் இல்லையென்றால் பின்னால் புகாரை நிரூபிப்பது கடினம். அதனால் பில்லை வாங்கிவையுங்கள்.

அடுத்த சந்தேகம் எத்தனால். 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் 2023 பிப்ரவரியில் பெங்களூரில் தொடங்கிவைக்கப்பட்டு, 2025-ல் நாடு முழுவதும் பரவலானது. எத்தனால் தண்ணீரை ஈர்க்கும். கொஞ்சம் தண்ணீர் என்றால் கலவை தாங்கிக்கொள்ளும். அளவு மீறினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பெட்ரோலிலிருந்து பிரிந்து டேங்கின் அடியில் இறங்கும். பம்ப்பின் வலை இருப்பதும் அங்கேதான். வாரக்கணக்கில் ஓட்டாமல் நிறுத்திவைக்கும் பழைய கார்களுக்கு இதனால் ஆபத்து அதிகம். பழைய டேங்கில் படிந்த பிசினையும் எத்தனால் கரைத்துக்கொண்டு வந்து ஃபில்டரை அடைக்கும்.

அதற்காக எல்லாக் கோளாறுக்கும் இ20 மேல் பழி போடுவதும் ஊகம்தான். நிதி ஆயோக்கின் 2021 அறிக்கை, பழைய வகைக் கார்களில் 6 முதல் 7 சதவீதம் மைலேஜ் குறையலாம் என்று மதிப்பிட்டது. மைலேஜ் குறைவது வேறு, கார் நிற்பது வேறு. ஆக்ஸிஜன் சென்ஸார் உள்ள இன்ஜின், கலவையைத் தானே ஓரளவு சரிசெய்துகொள்ளும். கார்புரேட்டர் வண்டிக்கு அந்த வசதி கிடையாது. 2023 ஏப்ரலுக்கு முந்தைய கார் வைத்திருப்பவர்கள், எரிபொருள் ரப்பர் பைப்புகளையும் வாஷர்களையும் ஒவ்வொரு சர்வீஸிலும் பார்க்கச் சொல்வது நல்லது.

பம்ப்பே குறையோடு வந்திருந்தால்?

சில கார்களில் கோளாறு, ஆலையிலேயே உள்ளே வந்து உட்கார்ந்துவிடுகிறது. ஜப்பானின் டென்சோ நிறுவனம் செய்த ஒரு வகை பம்ப்பில், எரிபொருளைத் தள்ளும் பிளாஸ்டிக் இம்பெல்லர் அடர்த்தி குறைவாக அமைந்துவிட்டது. அது எரிபொருளை உறிஞ்சி உப்பி, பம்ப்பின் சுவரில் உரசி, ஒரு நாள் நின்றுவிடும். 2020 முதல் உலகம் முழுவதும் பல நிறுவனங்களின் லட்சக்கணக்கான கார்கள் இதற்காகத் திரும்ப அழைக்கப்பட்டன.

இந்தியாவிலும் எரிபொருள் பம்ப்புக்காகத் தொடர்ந்து அழைப்புகள் வந்தன. ஹோண்டா 2020 ஜூனில் 65,651 கார்களையும், 2021 ஏப்ரலில் 77,954 கார்களையும், 2024 அக்டோபரில் 90,468 கார்களையும் அழைத்தது. மாருதி சுசூகி 2020 ஜூலையில் வேகன்ஆர், பலேனோ இரண்டிலுமாக 1,34,885 கார்களையும், 2024 மார்ச்சில் அதே இரண்டு மாடல்களில் 16,041 கார்களையும் அழைத்தது. மாற்றித் தருவதற்குக் கட்டணம் கிடையாது. 2024-ல் ஹோண்டா, முன்பு ஸ்பேர் பாகமாக மாற்றப்பட்ட பம்ப் உள்ள கார்கள் 2,204 என்று தனியாகக் கணக்குச் சொன்னது. புதிதாகப் போட்ட பம்ப்பும் குறையுள்ளதாக இருக்கலாம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

2019 மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம், குறையுள்ள வாகனங்களைத் திரும்ப அழைக்க உத்தரவிடும் அதிகாரத்தை அரசுக்குத் தந்தது. அதற்கான விதிகள் 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளன. ஆனால், அழைப்பு அறிவிப்பு பல நேரம் முதல் சொந்தக்காரரின் முகவரியோடு நின்றுவிடுகிறது. ஓசூர்ச் சந்தையில் கைமாறி வந்த காரை வாங்கியவருக்குச் செய்தி போகாமலே இருக்கலாம். அப்போது அவர், இலவசமாக மாற்றித் தரப்பட வேண்டிய பம்ப்புக்குத் தன் கையிலிருந்து செலவழிக்கிறார். ஆர்.சி.யில் உள்ள 17 இலக்கச் சேஸிஸ் எண்ணைக் கம்பெனியின் இணையதளத்தில் போட்டால், உங்கள் கார் பட்டியலில் உள்ளதா என்று இரண்டு நிமிடத்தில் தெரியும். பழைய கார் வாங்குகிறவர்கள் முன்பணம் தருவதற்கு முன்பே இதைச் செய்ய வேண்டும்.

நடுவழியில் நின்றால்

இன்ஜின் ஆஃப் ஆனதும் ஹஸார்டு விளக்கைப் போடுங்கள். வண்டிக்கு வேகம் மிச்சம் இருக்கும்போதே இடது ஓரம் ஒதுக்குங்கள். பிரேக்கை விட்டு விட்டு மிதிக்காமல் ஒரே மிதியாக அழுத்திப் பிடியுங்கள். சாவியை முழுவதும் திருப்பி எடுத்தால் ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும், எடுக்காதீர்கள். நின்றதும் எல்லோரும் இறங்கித் தடுப்புக்கு அப்பால் போய்விட வேண்டும். முக்கோண எச்சரிக்கைப் பலகையைப் பின்னால் தள்ளி வையுங்கள். தேசிய நெடுஞ்சாலை உதவி எண் 1033.

பெட்ரோல் வாடை அடித்தால் மறுபடி ஸ்டார்ட் செய்ய முயலாதீர்கள். மழைக்காலத்தில், தென்பெண்ணைத் தண்ணீர் ஏறிய தரைப்பாலத்தில் கார் நின்றாலும் அப்படியே. அங்கே இன்ஜினுக்குள் தண்ணீர் போயிருக்கலாம். செல்ஃப் அடித்தால் கனெக்டிங் ராடு வளைந்து இன்ஜினே வீணாகும்.

ஒர்க்‌ஷாப்பில் மூன்று கேள்விகள் கேளுங்கள்: “பிரஷர் எவ்வளவு காட்டுச்சு? பம்ப்புக்கு எவ்வளவு வோல்ட் வருது? கழட்டின பழைய பார்ட் எங்கே?” இந்த மூன்றுக்கும் எண்ணோடும் பொருளோடும் பதில் சொல்லும் மெக்கானிக்குக்குச் சோதனைக் கூலியை மனமுவந்து கொடுங்கள். கண்டுபிடிப்பதற்குக் கூலி தராமல் பாகத்துக்கு மட்டும் காசு தரும் நம் பழக்கம்தான், அவர்களைப் பாகம் மாற்ற வைக்கிறது. ஓசூரில் ஐ.டி.ஐ. முடித்த இளைஞர்களுக்குக் கேஜ் பிடிக்கத் தெரியும். அந்தத் திறமைக்கு நாம் விலை கொடுத்தால், மேலுமலை ஏற்றத்தில் நடுச்சாலையில் நிற்கும் கார்கள் குறையும்.